ஊறப்போட்ட பில்கள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அண்ணியை மேலாளர் அறையின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். "எட்டு பேரைக் குறைக்கணும். வெள்ளிக்கிழமை காலையில பேரைச் சொல்லிடுங்க. உங்க ஆளுங்கதானே, உங்களுக்குத்தான் தெரியும்" என்று அவர் சொன்னதற்கு, அவள் மறுபேச்சு பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தாள். ஆட்டிய தலைக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

இன்று வியாழன். மாதத்தின் கடைசி நாளும்கூட.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி? முறைப்படி இரண்டே பேருக்கு. கணவனின் தம்பி சின்னவனுக்கும், தங்கை கடைக்குட்டிக்கும். கடைக்குட்டி அவளிடமே வேலைக்குச் சேர்ந்து, அலுவலகத்திலும் வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் பிரிவு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவரான கண்ணாடிக்காரர்கூட அண்ணி என்றுதான் அழைப்பார். அவருக்கு எந்த வழியில் அண்ணி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர்கள் செய்வது மற்ற நிறுவனங்களுக்காகப் பில் சரிபார்க்கும் வேலை. பில் மெயிலில் வரும். அதைத் திறந்து, பதிவு போட்டு, பொருள் வந்ததா, விலை சரியா என்று பார்த்து, பணம் அனுப்பலாம் என்று முத்திரை குத்த வேண்டும். இருபது பேர் இருபது மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது அந்த இருபது பேர் அதிகம், பன்னிரண்டு பேர் போதும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஒருவர் என்றால் ஆள் இல்லை, மெஷின். பழைய பதிவுகளையெல்லாம் படித்து, வருகிற வாரங்களில் எவ்வளவு வேலை வரும், அதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் அதன் வேலை. பிரிவில் அதற்கு "புது மாப்பிள்ளை" என்று பெயர். அது எதைக் கேட்டாலும் நிர்வாகம் விழுந்தடித்துக்கொண்டு கொண்டுவந்து கொடுத்ததால் வைத்த பெயர்.

அந்த மாப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவன் வேறு யாருமில்லை, நம் சின்னவன்தான்.

காலையில் சின்னவன் காரில்தான் அண்ணி அலுவலகம் போனாள். கடைக்குட்டி மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவாள். அண்ணியின் கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வழியிலேயே இருப்பான். எல்லோரும் ஒரே வீட்டில்தான், ஆனால் கடைக்குட்டி எப்போதும் கூடவே இருப்பாள். ஆகவே சின்னவனோடு தனியாகப் பேச இந்தக் கார்ப் பயணத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது.

"டேய், ஒண்ணு சொல்லணும்."

"எட்டு பேர் விஷயம்னா வேணாம் அண்ணி. அதுல நான் வாயைத் திறக்க முடியாது."

"அது இல்ல. உன் மெஷின் படிச்ச பதிவே தப்பு."

சின்னவன் சிரித்தான். "யார் சொன்னா?"

"நான் சொல்றேன். தப்பாப் போட்டவளே நான்தான்."

சிரிப்பு நின்றது. முன்னால் போன லாரியைத் தாண்டப் போனவன், வேண்டாம் என்று அதன் பின்னாலேயே வண்டியை ஊர விட்டான்.

அண்ணி சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. பிரிவில் அதற்கு 'ஊறப்போடுவது' என்று பெயர். பதிவு போட்ட பில்கள் கைக்கு அடங்காமல் குவிந்தால் சுவரில் இருக்கும் பெரிய திரை சிவந்துவிடும். சிவந்தால் மேலிடத்தில் கேள்வி வரும். முன்பு ஒருமுறை அப்படிச் சிவந்ததற்கு ஓர் அப்பாவி மனிதரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதக் கடைசியில் பில் மழையாகக் கொட்டும்போது அவற்றைத் திறப்பதே இல்லை. மெயிலிலேயே கிடக்கட்டும். அடுத்த வாரங்களில் கை ஓய்ந்த நேரத்தில் நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து பதிவு போடுவது. திரையும் வருடம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

மாப்பிள்ளை படித்தது அந்தப் பச்சையைத்தான். மாதக் கடைசி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

"அண்ணி..." என்று இழுத்தான் சின்னவன். "மெஷின் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிரிவுக்கும் வந்தேனே. பிரிவு அதுக்குத் தயாரா இருக்கான்னு பார்க்கத்தானே வந்தேன்? எல்லார் முன்னாடியும் உங்களைக் கேட்டேன். மாசக் கடைசியில வேலை குவியுமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

அண்ணி வெளியே பார்த்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. என் பிரிவில் குவியாது, வர்றதும் சீரா வரும், போறதும் சீரா போகும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். பெரிய முதலாளியே கைதட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"வேற பிரிவா இருந்தா தோண்டியிருப்பேன். மெயில் எப்ப வந்தது, பதிவு எப்ப போட்டாங்கன்னு ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்திருப்பேன். எங்க அண்ணி பொய் சொல்ல மாட்டாங்கன்னு உங்க பிரிவை மட்டும் தோண்டாம விட்டேன்."

"நீ வேற யாராவதா இருந்திருந்தா நானும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்டா. உன் முன்னாடி என் மானம் போகக் கூடாதுன்னு நினைச்சேன்."

இதைவிடச் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள முடியுமா? உறவு என்று அவன் தோண்டவில்லை, உறவு என்று அவள் சொல்லவில்லை. நடுவில் எட்டுக் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப சரி பண்ணு. தப்பா படிச்சிருக்கு, திரும்பப் படிக்க வைக்கறேன்னு சொல்லு."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா அண்ணி? முதலாளிங்க முன்னாடி காட்டியாச்சு. மத்த பிரிவுக்கெல்லாம் உங்க பிரிவுதான் முன்மாதிரின்னு நானே மேடையேறிப் பேசியாச்சு. இப்பப் போய் எங்க அண்ணி ஏமாத்திட்டாங்க, நானும் பார்க்கலன்னு சொன்னா முதல்ல உங்களைத் துரத்துவாங்க, அப்புறம் என்னை."

"துரத்தட்டும்."

"உங்களுக்கு சுலபமா இருக்கு."

அந்த வார்த்தை அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது இவனுக்கு அரும்பு மீசைகூட முளைக்கவில்லை. மாமியார் இல்லாத வீட்டில் இவனுக்குச் சட்டை துவைத்து, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டவள் அவள். எதை நினைத்து இப்படிச் சொன்னான்? கேட்டால் சண்டையாகும் என்று விட்டுவிட்டாள்.

"கடைசியாச் சேர்ந்தவங்க முதல்லன்னு மேலாளர் சொல்லியிருக்கார். கடைக்குட்டிதான் கடைசி. அவ புருஷன் கடல் தாண்டிப் போனவன் போனவன்தான், ஒரு போன்கூட இல்ல. இந்த வேலையும் போனா அந்தக் குழந்தையை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"

"பேர் சொல்ல வேண்டியது நீங்கதானே அண்ணி? மெஷின் எத்தனை பேர்னு மட்டும்தான் சொல்லுச்சு. யாருன்னு சொல்லல."

பேசிக்கொண்டே அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினான். இறங்கும்போது அவள் கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினாள்.

மாடியில் பிரிவு வழக்கம்போல் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் பாதி காய்ந்த மணிபிளாண்ட், ஒரு கால் ஆடும் நாற்காலி, எப்போதும் காகிதம் சிக்கும் பிரிண்டர். சுவர்த் திரை முழுக்கப் பச்சை.

கடைக்குட்டி ஓடிவந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணி, இன்னைக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். முக்கால்வாசி ஊறப்போட்டாச்சு. திரையைப் பாருங்க, ஒரு பொட்டு சிவப்பு இல்ல."

"யார் சொல்லச் சொன்னா உன்னை?"

"யாராவது சொல்லணுமா? ஆள் குறைக்கப்போறாங்கன்னு பேச்சு ஓடுது. இந்த நேரத்துல நம்ம பிரிவு சுத்தமா இருந்தாத்தானே உங்க பேர் நல்லா வரும்? உங்களுக்கு நல்ல பேர் இருந்தா எங்களை யார் என்ன பண்ண முடியும்?"

அந்தப் பச்சைதான் உன் கழுத்துக்குக் கயிறு என்று இவளிடம் எப்படிச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே. பிள்ளைகள் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள்.

இருக்கையில் உட்கார்ந்து மெயிலைத் திறந்து பார்த்தாள். திறக்காத பில்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. உருட்டி உருட்டி விரல் வலித்தது, அடி வரவில்லை.

எட்டுப் பேரை எப்படிப் பொறுக்குவது? கடைக்குட்டியைச் சொன்னால் வீட்டில் சாபம். சொல்லாமல் விட்டால், நாத்தனாரைக் காப்பாற்றிக்கொண்டு எங்களை வெட்டினாள் என்று பிரிவு முழுக்கக் காறித் துப்பும். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அன்றைய பதிவைப் படித்துவிட்டுப் புதிதாகக் கணிப்பு சொல்லும் என்று சின்னவன்தான் ஒருநாள் பெருமையாகச் சொன்னான். சின்னவனுக்குப் பயம் இருக்கிறது, மேலாளருக்குப் பதவி இருக்கிறது. மெஷினுக்கு என்ன இருக்கிறது? உள்ளதைக் காட்டினால் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகிறது.

எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு ஊறப்போட வேணாம். மெயில்ல கிடக்கறது அத்தனையும் திறந்து இப்பவே பதிவு போடுங்க."

இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணி, சிவந்துடுமே."

"சிவக்கட்டும்."

"போன தடவை சிவந்தப்போ..."

"தெரியும். இந்தத் தடவை கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பிறகு கடைக்குட்டி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். காரணம் கேட்கவில்லை. அண்ணி சொன்னால் அவளுக்குச் சரி. அவள் விசைப்பலகை தடதடவென்று ஓடத் தொடங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள்.

மதியத்துக்குள் திரை ஓரத்தில் மஞ்சள் தட்டியது. சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால் பாதிச் சுவர் சிவப்பு. வேறு பிரிவுக்காரர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மேலாளர் வந்தார். எதற்கெடுத்தாலும் "ஆகட்டும்" என்று சொல்லும் பழக்கம் அவருக்கு. இன்று உள்ளே நுழைந்தபோது அது மறந்துபோயிருந்தது.

"என்ன நடக்குது இங்க?"

"மாசக் கடைசி நடக்குது சார்."

"விளையாடறீங்களா?"

"இல்ல சார். இத்தனை வருஷமா விளையாடினோம். ஒவ்வொரு மாசமும் இப்படித்தான் குவியுது. திரையில வராம மறைச்சு வெச்சிருந்தோம், வெளியில தெரியல. இதுதான் எங்க வேலை. இதுக்குப் பன்னிரண்டு பேர் பத்தாது."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"எட்டு பேர் பேரை நாளைக்குச் சொல்லுங்கன்னேன். இன்னைக்கே திரை சிவக்குது. எனக்குக் காது குத்தறீங்களா? வேணும்னே குவிச்சு வெச்சுப் பயமுறுத்தறீங்க."

"சார், கதவைச் சாத்திட்டுப் பேசலாம்..."

"எதுக்கு? உங்க ஆளுங்களுக்கும் தெரியட்டுமே, யாரை வெட்டறதுன்னு முடிவு பண்றது நான் இல்ல, நீங்கதான்னு." போகிற போக்கில் பழைய வார்த்தை அவருக்குத் திரும்பி வந்தது. "ஆகட்டும். மெஷின் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

அவர் போன பிறகு யாரும் அவளை அண்ணி என்று கூப்பிடவில்லை. கண்ணாடிக்காரர் சந்தேகம் ஒன்று கேட்க வந்தவர், "மேடம்" என்று ஆரம்பித்தார்.

கடைக்குட்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பில் திறந்துகொண்டே இருந்தாள். வேலை முடிந்து இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். கடைக்குட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று அண்ணிக்கு இருந்தது.

ஆனால் அண்ணியின் மனதுக்குள் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் நம்பாவிட்டால் போகிறார்கள். மாப்பிள்ளை பார்த்திருக்கும். அதன் கண்ணுக்கு நேராக அத்தனையையும் கொட்டிக் காட்டியாயிற்று. இனி அது எப்படிப் பன்னிரண்டு என்று சொல்லும்?

சின்னவன் வீட்டுக்கு வந்தபோது இன்னும் முழுதாக இருட்டவில்லை. கடைக்குட்டியின் மகள் உள்ளறையில் வாய்விட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி சமையலறையில் டீ போட்டாள். சின்னவன் காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"மெஷின் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு."

"எத்தனை பேர் வேணுமாம்?"

"பன்னிரண்டு."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள். "அவ்வளவு பில்லைப் பார்த்த பிறகுமா?"

"இன்னைக்கு மாதிரி ஒரு நாளை அது பார்த்ததே இல்ல அண்ணி. இத்தனை வருஷப் பதிவுல தேடினாலும் இப்படி ஒண்ணு கிடையாது. எப்படி இருக்கும்? நீங்கதான் விடலையே. அதனால இது வேலை நடந்த நாளே இல்ல, எங்கேயோ பிசகு நடந்த நாள்னு தனியா எடுத்து வெச்சுடுச்சு. கணக்குலயே வரல."

இத்தனை வருடமாகப் போட்ட பொய்யெல்லாம் நிஜமென்று ஏறிவிட்டது. ஒரே ஒரு நாள் நிஜத்தைக் காட்டினாள், அது பொய்யென்று வெளியே போய்விட்டது. யாரை நோவது?

பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது. இவன் ஏன் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை?

"டேய். அது தானாவே ஒதுக்கிச்சா?"

சின்னவன் காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"உன்னைத்தான் கேட்கறேன்."

"ஒதுக்கறதுக்கு முன்னாடி கேட்கும் அண்ணி. இந்த நாளைச் சேர்த்துக்கவா, விட்டுடவான்னு. பொறுப்புல இருக்கறவங்க பதில் சொல்லணும்."

"பொறுப்புல யார் இருக்கா?"

"நான்தான்."

"என்ன சொன்ன?"

கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டே சொன்னான்.

"விட்டுடுன்னு சொன்னேன்."

உள்ளறையில் பாடம் நின்றிருந்தது. சமையலறை வாசலில் கடைக்குட்டி டீத்தட்டோடு நின்றாள். எப்போது வந்தாளோ தெரியாது. நேராக வந்து, ஆளுக்கொரு டம்ளரை முன்னால் வைத்தாள். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேட்டுக்கறேன். கடைசியாச் சேர்ந்தவ நான்தானே. நாளைக்கு என் பேரைச் சொல்லப்போறது யாரு? அண்ணி நீங்களா, சின்னண்ணா நீயா?"

அண்ணி சின்னவனைப் பார்த்தாள். சின்னவன் அண்ணியைப் பார்த்தான். கடைக்குட்டியை இரண்டு பேருமே பார்க்கவில்லை.